அந்த ஒரு யூரோ இருபது சதம் எங்கே?



"வளர்முக நாடுகளுக்கான வரிச்சலுகைகள்: ஒரு மதிப்பீடு" என்று இந்தக் கூட்டத்தின் அழைப்பிதழில் அச்சிட்டிருக்கிறார்கள். தலைப்பு கனமானது. அதைத் தூக்கிக்கொண்டு உங்களை நெடுந்தூரம் நடக்கவைக்க நான் விரும்பவில்லை. அதனால் ஒரேயொரு சேர்ட்டைக் கையில் எடுத்துக்கொள்வோம். நம் நாடான இலங்கையில் தைத்த ஓர் ஆண்கள் சேர்ட். ஜெர்மனியின் ஹம்பர்க் துறைமுகத்தில் போய் இறங்குகிறது. இறக்குமதி விலை பத்து யூரோ என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சலுகை எதுவும் இல்லாவிட்டால் அதற்கு 12 சதவீதம் சுங்கவரி. அதாவது ஒரு யூரோ இருபது சதம். வளர்முக நாடுகளுக்குப் பொதுவாகக் கொடுக்கும் சாதாரண ஜி.எஸ்.பி. சலுகை இருந்தால் 9.6 சதவீதம், தொண்ணூற்றாறு சதம். அதைவிடக் கூடுதல் சலுகையான ஜி.எஸ்.பி. பிளஸ் இருந்தால் வரியே இல்லை. நம் பத்திரிகைகள் "நாட்டுக்குப் பெரும் நன்மை" என்று எழுதுகின்றனவே, அந்த நன்மை இந்த ஒரு யூரோ இருபது சதம்தான். சேர்ட்டுக்கு ஒரு யூரோ இருபது சதம்.

இப்போது உங்களிடம் ஒரு கேள்வி. இந்த வரியை வழமையாகக் கட்டுகிறவர் யார்? கிளிநொச்சித் தொழிற்சாலையா? கொழும்பிலுள்ள ஏற்றுமதியாளரா? இருவருமே இல்லை. ஹம்பர்க்கில் பெட்டியை இறக்கும் இறக்குமதியாளர்தான் சுங்கத்தில் காசு கட்டுகிறார். வரி இல்லையென்றால் மிச்சம் முதலில் விழுவது அவருடைய பையில். அங்கிருந்து அது நம் பக்கம் வருகிறதா? வந்தால் எவ்வளவு வருகிறது? தைத்த பிள்ளையின் கைக்கு எவ்வளவு போய்ச் சேருகிறது? வரிச்சலுகையை மதிப்பிடுவது என்றால் எனக்குத் தெரிந்து இந்தக் காசின் பின்னால் நடந்து போவதுதான். இன்று மாலை முழுக்க நாம் அதைத்தான் செய்யப்போகிறோம்.

இந்தச் சலுகை எதற்காகப் பிறந்தது என்று முதலில் பார்ப்போம். 1964இல் ஜெனீவாவில் ஐக்கிய நாடுகளின் வர்த்தக, அபிவிருத்தி மாநாடு கூடியது. அதன் முதல் செயலாளர் நாயகம் ராவுல் பிரெபிஷ், ஆர்ஜென்டீனப் பொருளியலாளர். தோட்டத்தில் பறித்ததையும் சுரங்கத்தில் தோண்டியதையும் மட்டும் விற்று வாழும் நாடு, காலப்போக்கில் அதே அளவு இயந்திரத்தை வாங்க மேலும் மேலும் கூடுதலாக விற்கவேண்டி வரும் என்றார் அவர். தேயிலையை நம்பி வாழ்ந்த நமக்கு இதை விளக்கிச் சொல்லவும் வேண்டுமா? அதற்கு அவர் கண்ட வழி, ஏழை நாடுகள் தொழிற்சாலைப் பொருள் செய்யவேண்டும், பணக்கார நாடுகள் அதற்குத் தம் சந்தையைக் குறைந்த வரியில் திறந்துவிடவேண்டும் என்பது.

1968இல் புதுடில்லியில் கூடிய இரண்டாவது மாநாடு அதைத் தீர்மானமாக நிறைவேற்றியது. மூன்று நோக்கங்கள் சொன்னார்கள்: ஏற்றுமதி வருமானம் கூடவேண்டும், கைத்தொழில் வளரவேண்டும், பொருளாதாரம் விரைந்து முன்னேறவேண்டும். கைம்மாறு கேட்கக் கூடாது, நாட்டுக்கு நாடு பாகுபாடு காட்டக் கூடாது என்றும் சொன்னார்கள். 1971இல் ஐரோப்பாவும் ஜப்பானும் தொடங்கின. 1976இல் அமெரிக்கா வந்து சேர்ந்தது. 1979இல் உலக வர்த்தக விதிகளை வகுத்த அன்றைய காட் அமைப்பு இதற்கு நிரந்தரச் சட்ட அனுமதி கொடுத்தது.

கைம்மாறு கேட்கக் கூடாது, பாகுபாடு காட்டக் கூடாது. இந்த இரண்டு சொல்லையும் மனதில் வைத்திருங்கள். இரண்டுக்கும் என்ன நடந்தது என்று பின்னால் பார்ப்போம்.

முதலில் காசு. அந்த ஒரு யூரோ இருபது சதம் எங்கே?

முதல் பகுதி வழியிலேயே தொலைந்துபோகிறது. எப்படி? சேர்ட்டை நாம் தைத்தால் மட்டும் அது "இலங்கைச் சேர்ட்" ஆகிவிடாது. எந்த நாட்டுப் பொருள் என்று தீர்மானிக்க ஐரோப்பிய ஒன்றியம் விதிகள் வைத்திருக்கிறது. நூலை வாங்கலாம், ஆனால் துணியாக்குவதும் உடுப்பாகத் தைப்பதும் இங்கே நடக்கவேண்டும். இரண்டு படி. சீனத்துத் துணியை வாங்கித் தைத்து அனுப்பினால் அது நம் பொருள் என்று கணக்கில் வராது. ஜி.எஸ்.பி. பிளஸ் கிடைக்காது. சிறு சலுகையான அந்த 9.6 சதவீதம்கூடக் கிடைக்காது. முழுதாக 12 சதவீதமும் கட்டவேண்டும்.

நம் நாட்டில் பின்னல் துணி ஆலைகள் இருக்கின்றன. ஆகவே ரீ-சேர்ட்டும் உள்ளாடையும் பெரும்பாலும் தப்பிவிடுகின்றன. நெய்த துணி? அது பெரும்பாலும் கப்பலில்தான் வருகிறது. நான் கையில் எடுத்த அந்தச் சேர்ட் நெய்த துணிச் சேர்ட். இந்தியத் துணி என்றால் தெற்காசிய நாடுகளை ஒன்றாகக் கணக்கிடும் ஏற்பாட்டின் கீழ் சில நிபந்தனைகளோடு வழி இருக்கிறது. சீனத் துணிக்கு அந்த வழியும் அடைபட்டிருக்கிறது. விளைவு? ஐரோப்பாவுக்குப் போகும் நம் ஆடை ஏற்றுமதியில் ஏறத்தாழப் பாதிதான் இந்தச் சலுகையைப் பயன்படுத்துகிறது. பாதி! விருந்துக்கு அழைத்துவிட்டு உங்கள் வீட்டு அரிசியில் சமைத்தால்தான் சாப்பாடு என்று சொன்னால் எப்படி இருக்கும்?

பங்களாதேஷைப் பாருங்கள். மிகக் குறைந்த வளர்ச்சி கொண்ட நாடுகளுக்கு, ஆயுதம் தவிர்ந்த எல்லாப் பொருளுக்கும் வரியில்லை என்று 2001இல் ஐரோப்பா ஒரு சலுகை கொடுத்தது. பத்து ஆண்டுகள் அங்கும் இதே இரண்டு படி விதிதான். 2011 ஜனவரி முதலாம் திகதி அந்த நாடுகளுக்கு மட்டும் விதியைத் தளர்த்தினார்கள். எந்த நாட்டுத் துணியானாலும் சரி, தைத்தால் போதும். அதற்குப் பிறகு பங்களாதேஷின் நெய்த துணி ஆடைகள் ஐரோப்பியச் சந்தையில் எவ்வளவு வேகமாகப் பெருகின என்பது இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். அந்த நாளில் வரி மாறவில்லை. அது முன்பே பூச்சியம்தான். மாறியது துணி பற்றிய ஒரு விதி. ஒரு சலுகைத் திட்டம் நல்லதா கெட்டதா என்று கேட்கிறவர்கள் வரி வீதத்தை மட்டும் படித்தால் போதாது என்று நான் மாணவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

பிரிட்டனுக்கு இது புரிந்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுப் பிரிந்த பிறகு 2023இல் அது தனக்கெனத் தனித் திட்டம் கொண்டுவந்தது. 2025 ஜூலையில் நம்மைப் போன்ற நாடுகளின் ஆடைகளுக்கு மூலப்பொருள் விதியைத் தளர்த்தப்போவதாக அறிவித்தது. நல்ல செய்தி. அதை மனமார வரவேற்கிறேன்.

மலையகத்திலிருந்து வந்திருக்கும் நண்பர்கள் கேட்கலாம், எங்களுக்கு இதில் என்ன பங்கு என்று. நெஞ்சில் கை வைத்துச் சொல்வதானால், தேயிலையில் உங்களுக்கு இதனால் ஒன்றுமில்லை. கறுப்புத் தேயிலைக்கு ஐரோப்பாவில் யாருக்குமே வரி இல்லை. எல்லோருக்கும் திறந்திருக்கும் கதவில் நமக்கென்று தனிச் சாவி எதற்கு?

சரி, விதியைத் தாண்டிச் சலுகை பெற்ற சேர்ட்டையே எடுப்போம். அதற்குரிய ஒரு யூரோ இருபது சதம் எங்கே?

ஆப்பிரிக்க நாடுகளுக்கென்று அமெரிக்கா 2000ஆம் ஆண்டில் ஒரு சலுகைச் சட்டம் கொண்டுவந்தது. அகோவா என்பார்கள். அந்தச் சலுகையில் போன ஆடைகளைப் பற்றி மார்சலோ ஒலாரியாகா, சாலர் ஒஸ்டன் என்ற இரு பொருளியலாளர்கள் 2005இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். வரி நீங்கியதால் கிடைத்த ஆதாயத்தில் ஏற்றுமதி செய்த நாடுகளின் கைக்கு வந்தது சராசரியாக மூன்றில் ஒரு பங்குதான் என்று கண்டார்கள். மீதி வாங்குகிறவர் பக்கம். ஏன்? வாங்குகிறவர்கள் சிலர், பெரியவர்கள். விற்கிறவர்கள் பலர், சிறியவர்கள். "உனக்கு வரியில்லைதானே, அப்படியானால் விலையைக் குறை" என்று அந்தப் பக்கம் சொல்லும்போது, "மாட்டேன்" என்று சொல்ல இந்தப் பக்கம் எத்தனை பேரால் முடியும்?

நம் கணக்குக்கும் அதே பங்கு பொருந்தும் என்று நான் சாதிக்கவில்லை. உதாரணத்துக்கு மட்டும் போட்டுப் பாருங்கள். ஒரு யூரோ இருபது சதத்தில் மூன்றில் ஒன்று நாற்பது சதம். அந்த நாற்பது சதம் கொழும்புக்கு வந்து, அங்கே கம்பனி, வங்கி, துறைமுகம் என்று எல்லோரும் எடுத்தபின், ஊசியில் நூல் கோக்கும் பிள்ளைக்கு என்ன வரும்? இதை அளந்து எழுதிய அரசாங்க அறிக்கை ஒன்றையாவது நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? ஏற்றுமதித் தொகையை அளக்கிறோம். கொள்கலன்களை எண்ணுகிறோம். சம்பளச் சீட்டை யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை!

இங்கே ஓர் எதிர்க்கேள்வி வரும், வரவும் வேண்டும். 2010 ஓகஸ்ட் 15இல் நாம் ஜி.எஸ்.பி. பிளஸை இழந்தோம். தொழில் மடிந்துபோகும் என்றார்கள். ஆனால் 2011இல் நம் ஆடை, துணி ஏற்றுமதி 400 கோடி டொலரைத் தாண்டியது. முந்திய ஆண்டைவிட நன்றாகவே கூடியது. அப்படியானால் சலுகையால் பயனே இருக்கவில்லையா?

வரைபடத்தை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். வகுப்பில் மாணவர்கள் முதலில் நீட்டுவதும் அந்த வரைபடத்தைத்தான். நான் அவர்களிடம் கேட்பேன்: அந்த ஆண்டு பருத்தி விலை என்ன? 2011 மார்ச்சில் உலகச் சந்தையில் பருத்தி இறாத்தலுக்கு இரண்டு டொலரைத் தாண்டிப் போனது, அதுவரை காணாத உச்சம். பருத்தி ஏறினால் ஆடை விலையும் ஏறும். அதே எண்ணிக்கைச் சேர்ட்டுக்குக் கூடுதல் டொலர் வரும். மற்றொன்று, உலக நெருக்கடியில் 2009இல் படுத்த சந்தை அப்போதுதான் எழுந்து வந்தது. இன்னொன்று, நம் பெரிய கம்பனிகள் விலை மலிந்த ஆடையை விட்டு, விரைவும் தரமும் கேட்கும் வேலைகளுக்கு ஏற்கெனவே நகர்ந்திருந்தன. அவர்கள் தாக்குப்பிடித்தார்கள். தாக்குப்பிடிக்க முடியாமல் கதவைப் பூட்டிய சிறிய தொழிற்சாலைகள் அந்த வரைபடத்தில் தெரியாது. அங்கே வேலை பார்த்தவர்களும் தெரியமாட்டார்கள். மழை பெய்த ஆண்டில் கிணறு நிறைந்தது என்பதற்காக, வாய்க்காலை மூடியதால் நட்டமில்லை என்று சொல்லலாமா? சலுகை போகாமல் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்ற கேள்விக்குப் பதில் தேடாமல் எந்த மதிப்பீடும் மதிப்பீடாகாது.

இப்போது மனதில் வைக்கச் சொன்ன அந்த இரண்டு சொல்லுக்கு வருகிறேன். கைம்மாறு இல்லை, பாகுபாடு இல்லை.

பாகுபாட்டுக்கு ஒரு கதை உண்டு. போதைப்பொருளை ஒழிக்கப் பாடுபடும் நாடுகள் என்று சொல்லித் தென்னமெரிக்காவின் அந்தீஸ் மலை நாடுகளுக்கு ஐரோப்பா கூடுதல் சலுகை கொடுத்துவந்தது. 2002இல் அந்தப் பட்டியலில் பாகிஸ்தானும் சேர்ந்தது. பாகிஸ்தான் துணி வரியில்லாமல் போகிறது, இந்தியத் துணி வரி கட்டிப் போகிறது. இந்தியா உலக வர்த்தக நிறுவனத்தில் வழக்குப் போட்டது. 2004 ஏப்ரலில் மேன்முறையீட்டு அமைப்பு தீர்ப்புச் சொன்னது: நாடுகளை வேறுபடுத்தலாம், ஆனால் ஒரே மாதிரியான தேவையுள்ள நாடுகள் எல்லாவற்றுக்கும் ஒரே வாய்ப்புத் தரவேண்டும், மூடிய பட்டியல் கூடாது. அந்தத் தீர்ப்புக்கு ஏற்ப ஐரோப்பா பழைய திட்டத்தை மாற்றி 2005இல் உருவாக்கியதுதான் ஜி.எஸ்.பி. பிளஸ். ஆமாம், நாம் இன்று பேசும் சலுகைக்கு வழிதிறந்தது இந்தியா போட்ட வழக்கு. அதே இந்தியா, தன் சந்தையை அமெரிக்காவுக்கு நியாயமாகத் திறக்கவில்லை என்ற காரணம் காட்டப்பட்டு, 2019 ஜூன் 5இல் அமெரிக்காவின் ஜி.எஸ்.பி.யிலிருந்து நீக்கப்பட்டது. அன்று அந்தத் திட்டத்தில் மிகுந்த பயன் பெற்ற நாடு அது. கைம்மாறு கேட்கக் கூடாது என்ற புதுடில்லித் தீர்மானம் என்ன ஆனது? அந்த அமெரிக்கத் திட்டமும் 2020 டிசம்பர் 31உடன் காலாவதியானது.

ஜி.எஸ்.பி. பிளஸ் கேட்கும் கைம்மாறு வேறு விதமானது. 27 சர்வதேச உடன்படிக்கைகளை ஏற்று நடைமுறைப்படுத்தவேண்டும். மனித உரிமை, தொழிலாளர் உரிமை, சுற்றுச்சூழல், நல்லாட்சி. அவற்றில் குடியியல், அரசியல் உரிமைகள், சித்திரவதைத் தடை, சிறுவர் உரிமை ஆகிய மூன்றையும் சரிவர நடைமுறைப்படுத்தவில்லை என்று கண்டுதான் 2010இல் நமக்குச் சலுகையை நிறுத்தினார்கள்.

இந்த மண்டபத்தில் இதைப் பேசும்போது என் குரல் கொஞ்சம் தழுதழுத்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் இது நம் வீட்டுக் கதை. பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979இல் வந்தது. அதன் பெயரிலேயே "தற்காலிக ஏற்பாடுகள்" என்று இருக்கிறது. அந்தத் தற்காலிகத்துக்கு எத்தனை வயது என்று கணக்குப் பாருங்கள். அந்தச் சட்டத்தில் பிடிபட்டவர்களின் தாய்மார் இந்த ஊரில் இருக்கிறார்கள். இந்த மண்டபத்திலும் இருக்கலாம்.

ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். அண்ணன் அந்தச் சட்டத்தின் கீழ் தடுப்பில். தங்கை கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ காமென்ட் தொழிற்சாலையில். அவளுடைய சம்பளத்தில்தான் அம்மா அண்ணனைப் பார்க்க பஸ் ஏறுகிறார். பிரசல்ஸிலுள்ள ஐரோப்பிய ஒன்றியம் கேட்கிறது: அண்ணனை விடு, அல்லது சட்டத்தை மாற்று. அரசாங்கம் மறுக்கிறது. தண்டனை எங்கே விழுகிறது? மறுத்தவர் மேசையிலா? தங்கையின் தையல் இயந்திரத்தில். யாருக்காகக் குரல் கொடுத்தார்களோ அந்த வீட்டு அடுப்புத்தான் முதலில் அணைகிறது.

ரானா பிளாசா கட்டடத்தின் கதை இன்னும் கசப்பானது. 2013 ஏப்ரல் 24. பங்களாதேஷில் அந்தக் கட்டடம் இடிந்து 1,134 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் ஆடைத் தொழிலாளர்கள். இரண்டு மாதத்தில் அமெரிக்கா பங்களாதேஷின் ஜி.எஸ்.பி.யை நிறுத்தியது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அமெரிக்க ஜி.எஸ்.பி.யில் ஆடைக்குச் சலுகை முன்பும் இருக்கவில்லை! குற்றம் நடந்த தொழிலுக்கு ஒரு கீறலும் விழவில்லை. பீங்கானும் பிளாஸ்டிக்கும் செய்தவர்கள் வரி கட்டினார்கள்.

அப்படியானால் நிபந்தனையே வேண்டாமா? இந்தக் கேள்வியில் என் சக பொருளியலாளர்கள் பலரோடு எனக்கு உடன்பாடில்லை. வேண்டும் என்பதுதான் என் கட்சி. நடந்ததைப் பார்த்துச் சொல்கிறேன். 2010 முதல் 2017 வரை சலுகை இருக்கவில்லை. அந்த ஆண்டுகளில் பயங்கரவாதத் தடைச் சட்டம் அப்படியே இருந்தது. 2017 மே மாதம் சலுகை திரும்பியது. 2021 ஜூன் 10இல் ஐரோப்பியப் பாராளுமன்றம், சட்டம் மாறாவிட்டால் சலுகையை நிறுத்துவதைப் பரிசீலிக்கும்படி தீர்மானம் போட்டது. இரண்டு வாரம் கழித்து அந்தச் சட்டத்தின் கீழ் சிறையிலிருந்த 16 பேர் பொதுமன்னிப்பில் வெளியே வந்தார்கள். 2022இல் சட்டம் திருத்தப்பட்டது. தடுப்புக் கட்டளையின் உச்சக் காலம் 18 மாதத்திலிருந்து 12 மாதமாகக் குறைந்தது. போதாது. கொஞ்சமும் போதாது. ஆனாலும் அந்தப் பதினாறு வீடுகளில் போய்க் கேளுங்கள், ஒன்றுமில்லையா என்று.

கயிறு கையில் இருக்கும்போது இழுக்கலாம். அறுத்தெறிந்த பிறகு எதை இழுப்பது? கம்போடியாவில் ஐரோப்பா 2020இல் எல்லாவற்றையும் நிறுத்தாமல், ஏற்றுமதியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குக்கு மட்டும் சலுகையை எடுத்தது. அதுவும் தொழிலாளிக்கு வலிக்கத்தான் செய்யும். ஆனால் பேசுவதற்கு மேசை மிஞ்சியது. எத்தியோப்பியாவின் உள்நாட்டுப் போரில் நடந்த உரிமை மீறல்களைக் காரணம் காட்டி 2022 ஜனவரியில் அமெரிக்கா அந்த நாட்டுக்கு அகோவாவை முழுதாக நிறுத்தியபோது, ஹவாசா தொழிற்பேட்டையில் வேலைக்கென்று கிராமங்களிலிருந்து வந்திருந்த பெண்களிடம் போரைப் பற்றி யாரும் கருத்துக் கேட்டிருக்கவில்லை.

ஆகவே என் மதிப்பீட்டை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். ஜி.எஸ்.பி. பிளஸ் நமக்குத் தேவை. அதைக் காப்பாற்றவேண்டும். ஆனால் அது கொடுப்பதில் பாதியை அதன் துணி விதியே பறித்துவிடுகிறது. அந்த விதியை மாற்றச் சொல்லி நாம் உரத்துக் கேட்கவேண்டும். மீதியில் தொழிலாளியின் பங்கு எவ்வளவு என்று யாரும் பார்ப்பதில்லை. பார்க்கவைக்கவேண்டும். அந்த 27 உடன்படிக்கைகளில் தொழிற்சங்கம் அமைக்கும் உரிமையும் கூட்டாகப் பேரம்பேசும் உரிமையும் இருக்கின்றன. காசு ஹம்பர்க்கிலிருந்து கிளிநொச்சிவரை வருவதற்கு எனக்குத் தெரிந்த ஒரே பாதை அந்தப் பேரம்தான். பாதை அடைபட்டிருந்தால் எவ்வளவு சலுகை கொடுத்தும் என்ன?

கால எல்லையும் உண்டு. இப்போதுள்ள ஐரோப்பிய ஒழுங்குவிதி 2027 முடிவுக்கு மேல் போகாது. அதற்குப் பிறகு புதிய விதி, புதிய விண்ணப்பம். அதோடு நம் வருமானம் ஓரளவுக்கு மேல் போனாலும் சலுகை போய்விடும். 2019இல் உலக வங்கி நம்மை உயர் நடுத்தர வருமான நாடு என்றது. அடுத்த ஆண்டே மீண்டும் கீழே இறக்கியது. மூன்று ஆண்டுகள் தொடர்ந்து மேலே இருந்திருந்தால் சலுகைக்கான தகுதியே போயிருக்கும். ஆகவே இருக்கும் நாளிலேயே கேட்கவேண்டியதைக் கேட்டாகவேண்டும்.

ஐரோப்பியக் கண்காணிப்புக் குழு 2021இல் வந்தது, 2025இல் வந்தது. இனியும் வரும். கொழும்பில் அமைச்சர்களைப் பார்க்கும், ஏற்றுமதியாளர் சங்கங்களைப் பார்க்கும், குடிசார் அமைப்புகளையும் பார்க்கும். அவர்கள் கையில் இங்கிருந்து ஒரு கோப்பு போகவேண்டும் என்பது என் ஆசை. பெரிய அறிக்கை வேண்டாம். ஒரு தொழிற்சாலையின் சம்பளச் சீட்டுகள், ஆண்டுக்கு ஒன்றாக, பெயரை மறைத்து. மேலதிக நேரமான ஓ.டி. எத்தனை மணி, தைத்து முடிக்கவேண்டிய டாகெட் எவ்வளவு ஏறியது, சங்கம் அமைக்கப் போனவருக்கு என்ன நடந்தது. அதோடு தடுப்பிலுள்ள ஒருவருடைய வழக்குத் தவணைகளின் திகதிகள், தொடக்கத்திலிருந்து இன்றுவரை. இரண்டையும் ஒரே கோப்பில் வைக்கவேண்டும். ஒரே வீட்டிலிருந்து வருபவை அல்லவா?

வேலை முடிந்து வந்து பின்வரிசையிலிருக்கும் தங்கைகளே, உங்களில் சம்பளச் சீட்டைப் பத்திரமாக வைத்திருப்பவர்கள் இருப்பீர்கள். கூட்டம் முடிந்ததும் நான் அந்த வாசல் மேசையில்தான் இருப்பேன். என் மாணவர்கள் இருவர் பேனாவோடு இருப்பார்கள். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றால் முதலில் உங்களைத்தான் கவனிப்போம். வாருங்கள்.